மூன்று முறை விற்ற மீசை

"மீசைய வித்து மூணு புள்ளைங்கள பெரிய பரீட்சை எழுத வச்ச மனுசன் இவரு. எமனே வெல கேட்டுட்டுத்தான் கூட்டிக்கிட்டுப் போயிருப்பான்" என்று சொல்லிக்கொண்டே, நாவிதர் வைரக்கண்ணு பிணத்தின் கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவினார்.

தலைமாட்டில் நின்ற கலைமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்த பிறகும் அப்பாவின் புளுகு ஓயவில்லை. நாவிதர் வாயில் குடியேறிவிட்டது.

நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் மூட்டை சுமந்த பஞ்சநாதனின் மீசை லேசுப்பட்ட மீசை இல்லை. அதன் நிழலில் ரெண்டு கோழி படுத்துத் தூங்கும் என்று அவரே சொல்வார். சாயங்காலம் அதை உதறினால் ஒரு மரக்கால் நெல் தேறும், அதை வைத்துத்தான் மகளுக்குக் காதுகுத்து வைத்தேன் என்பார். நெல் தூசியில் பாதியை மீசை பிடித்துக்கொண்டது. மீதிப் பாதி நெஞ்சுக்குள் போனது. கடைசி நாலு மாதம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். இருமினால் கட்டில் ஒரு சாண் நகர்ந்துவிடும். இன்று விடியற்காலை கட்டில் நகரவில்லை.

"ஓரத்துல கொஞ்சம் நறுக்கி விடட்டுமா அண்ணி?" என்று வைரக்கண்ணு கேட்டார்.

"தொடாதீங்க. அப்படியே போகட்டும்" என்றாள் பஞ்சநாதனின் மனைவி நாகம்மாள்.

குளிப்பாட்டியாகிவிட்டது. வாசலில் பாடையும் தயார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். தாய்மாமன் மதிவாணன் அரிசித் தட்டை நீட்டினார்.

"கலை, வாம்மா. ஒத்தப் புள்ள நீ. நீ போட்டாத்தான் தூக்க முடியும். வெயில் ஏறுது பாரு."

"நான் போடல மாமா."

"என்னம்மா பேசுற?"

"பொய் சொன்ன வாய் மாமா அது. அதுல நான் அரிசி போடமாட்டேன்."

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சங்கு ஊதுகிறவர் சங்கை மடியில் வைத்துக்கொண்டார். நாகம்மாள் மட்டும் நிமிரவில்லை. அவளுக்குத் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய கதை. கலைமகள் ப்ளஸ் டூ. திருச்சியில் மத்திய அரசுக் கல்லூரியில் சேர ஒரு நுழைவுத் தேர்வு. பள்ளிக்கூடத்தில் படிப்பு இலவசம், புத்தகம் இலவசம், சைக்கிள்கூட இலவசம். அந்தப் பரீட்சைக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். நாகம்மாள் காதுத்தோட்டை அடகு வைத்துக் கொடுத்தாள். கடைசி நாளன்று பஞ்சநாதன் பணத்தையும் சலானையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாங்குக்குப் போனார். இருட்டும் நேரத்தில் திரும்பினார்.

"கட்டியாச்சு! மேனேஜரே எழுந்திரிச்சு நின்னு வாங்கினாரு. பேனா மூடியக்கூட அவருதான் கழட்டிக் குடுத்தாரு!"

மூன்று மாதம் கலைமகள் விழுந்து விழுந்து படித்தாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஹால் டிக்கெட் வந்தது, அவளுக்கு வரவில்லை. அப்பா பாங்குக்குப் போட்டுக்கொண்டு போன பிறகு தொடாமலே கிடந்த நல்ல சட்டையைத் துவைக்க எடுத்தபோது உள்பையில் சலான் இருந்தது, மடித்தது மடித்தபடி. அந்தப் பணம் எங்கே போனது என்று அவர் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து தஞ்சாவூர் ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறாள்.

அதற்கப்புறம் மூன்று தடவை, லீவில் வந்தபோது அப்பா மீசையில்லாமல் இருந்தார். வெறும் மேலுதட்டோடு பார்க்க, யாரோ வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி இருக்கும். "வித்துட்டேம்மா. ஒரு புள்ளைக்குப் பரீட்சை ஃபீஸ் கட்ட" என்று சிரிப்பார். சீட்டாட்டத்தில் பந்தயம் தோற்றிருப்பார் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

"நெசந்தான் கண்ணு" என்றார் வைரக்கண்ணு. "மூணு தடவையும் நாந்தான் சிரைச்சேன்."

"சிரைச்சீங்க சரி. வித்தத பாத்தீங்களா?"

அவர் கத்தியை மடக்கினார். "அத பாக்கல."

அப்போதுதான் தெருவில் ஒரு மொபெட் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினார் கூத்தாநல்லூர் அரிசி வியாபாரி ஜெக்கரியா. அவர் இறங்கியதும் வண்டி ஒரு அடி உயர்ந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு பிணத்தின் அருகில் வந்து நின்றார். பிறகு சட்டைக்குள்ளிருந்து மூன்று காகித உறைகளை எடுத்தார். மாதிரி நெல் போட்டு வைக்கும் உறைகள்.

"இவனோட சாமான் எங்கிட்ட இருக்கு. முழு ஆளாப் போகட்டும்னு எடுத்தாந்தேன்."

கலைமகள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முதல் உறையில் கருகருவென்று ஒரு மீசை. இரண்டாவதில் பாதி நரைத்தது. மூன்றாவதில் பஞ்சாக வெளுத்தது. ஒவ்வொன்றோடும் மடித்த ரசீது ஒன்று. நுழைவுத் தேர்வுக் கட்டணம் செலுத்தப்பட்டது. பூமிகா. பரிதி. இனியவன்.

"என்ன வெலடா இந்த மீசைக்குன்னு இவன நான் கேலி பண்ணாத நாளில்ல" என்றார் ஜெக்கரியா. "ஒருநாள் வந்து நின்னான். இவங்கூட மூட்டை தூக்கறவன் மக பூமிகா. பரீட்சைக்குப் பணம் கட்ட அன்னிக்குச் சாயங்காலம் கடைசி. 'எடுத்துக்குங்க பாய்'னான். சும்மாவே தர்றேண்டான்னேன். 'தர்மம்னா அந்தப் புள்ள தலையக் குனிஞ்சுக்கும், வியாபாரமாப் பேசுங்க'ன்னான். அதுக்கப்புறம் அது வளர வளர எனக்குப் பயம்தான், அடுத்து எந்தப் புள்ளைக்கு வந்து நிப்பானோன்னு."

யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பணத்த அவருகிட்டயா குடுத்தீங்க?" கலைமகள் கேட்டாள்.

"நீட்டினேன். தொட்டாத்தானே? ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டான். 'நீங்களே கட்டுங்க பாய். ரசீத என் கண்ணுல காட்டுனாப் போதும். எங்கையில குடுத்தா அரிசிக்கடைப் பாக்கிக்குப் போயிரும். வாய் பாட்டுக்குக் கட்டிட்டேன்னு சொல்லிரும். ஒரு புள்ளைக்கு ஒரு தடவ சொல்லிருச்சு'ன்னான்." ஜெக்கரியா கண்ணைத் துடைத்தார். "எந்தப் புள்ளைன்னு நான் கேக்கலம்மா."

வாசலில் ஒரு காகம் கத்திவிட்டுப் போனது. நாகம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

கலைமகள் உறைகளை அப்பாவின் வலது கைக்கடியில் செருகினாள். மாமாவின் தட்டிலிருந்து அரிசியை அள்ளினாள். வாயை மீசை மூடிக்கொண்டிருந்தது. இடது கையின் இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரிசியைப் போட்டாள். விரலை எடுத்ததும் மீசை பழையபடி விழுந்தது. நாலைந்து மணி அதில் சிக்கிக்கொண்டது.

மதிவாணன் அவள் காதருகே குனிந்தார். "ஏம்மா, அப்ப நெசமாவே மீசையவா வித்தாரு?"

"வித்தாரு மாமா" என்றாள் கலைமகள். "மூணு தடவ."

சிக்கிய அரிசியைத் தட்டிவிட வைரக்கண்ணு கையை நீட்டினார். அவள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.