வேறு ஏதாவது உதவி

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுக்க யார் யார் வீட்டுத் தண்ணீர் ஒழுகலையோ பொறுமையாகக் கேட்பேன். வீட்டுக்கு வந்து பாட்டி வாயைத் திறந்தால் மட்டும், "பேசிப் பேசி வாய் வலிக்குது, ஆளை விடு" என்று எரிந்து விழுவேன்.

பாட்டி பார்த்தாள். எங்கள் வீட்டு மெஷினில் ஒட்டியிருந்த புகார் எண்ணுக்கே போன் போட்டாள். யார் யாரிடமோ மாட்டி, ஒருநாள் என்னிடமே வந்து சேர்ந்தாள்.

அவள் இறந்துபோன பிறகு, அந்த அழைப்பின் பதிவை ஆபீசில் தேடியெடுத்துக் கேட்டேன்.

"நான்தாம்பா. மெஷினுக்கு ஒண்ணுமில்ல, உன்கிட்டதான் பேசணும்."

"பாட்டி, இது ரெக்கார்ட் ஆகுது. மானத்தை வாங்காத, வை."

"சரி சரி, திட்டாத."

உடனே, எல்லாரிடமும் ஒப்பிக்கிற வரியை அவளிடமும் ஒப்பித்திருக்கிறேன், பாவி. "வேறு ஏதாவது உதவி தேவையா?" அதற்குப் பதில் வரும்வரை காத்திருக்கிற வழக்கம் எங்கள் ஆபீசில் கிடையாது.

"ஆமாப்பா, ஒண்ணு கேக்க..."

லைனைத் துண்டித்திருக்கிறேன்.

அதற்கப்புறம் மூன்று மாதம் பக்கத்து அறையில்தான் இருந்தாள். எதற்குக் கூப்பிட்டாய் என்று நான் கேட்கவே இல்லை.

இப்போது நான் எந்த நம்பருக்குப் போடுவது?