இரண்டு வருஷ லேப் படிப்பு

நாத்தனாரை லேப் படிப்பில் சேர்க்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னவள் ராஜலக்ஷ்மி ஒருத்திதான்.

1957, ஜூன் மாதம். மல்லேஸ்வரத்தில் வாடகை வீடு. கணவன் தேசிகனுக்கு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. அவன் தங்கை அனந்தலக்ஷ்மி இண்டர்மீடியட் தேறியிருந்தாள். ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் சோதிக்கக் கற்றுத்தரும் இரண்டு வருஷப் படிப்பில், ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஃபீஸ் கட்ட வேண்டுமென்றால் அவள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்ததில்தான் கை வைக்க வேண்டும்.

"ஏன்னா, டைப்ரைட்டிங்னா ஆறே மாசம். பாங்கில வேலை கிடைச்சுடும். இதுல ரெண்டு வருஷமும் போறது, பணமும் போறது. அப்புறம் கண்டவா சளியைத் தொடற பொண்ணை எவன் பண்ணிப்பான்?"

"நீ சொல்றதெல்லாம் வாஸ்தவம்தான். ஆனா அவ இதுவரைக்கும் எங்கிட்ட வாயைத் திறந்து கேட்டது இது ஒண்ணுதான், ராஜி" என்றான் தேசிகன். மறுநாளே பணத்தைக் கட்டிவிட்டு வந்தான்.

ராஜலக்ஷ்மிக்கு மனசு அப்போது எதிலும் ஒட்டவில்லை. மூத்த பெண்ணுக்கு ஐந்து வயது. ஒரு குறையும் இல்லை. அதற்குப் பின் பிறந்த இரண்டும் கொழுகொழுவென்று பிறந்து, மறுநாளே மஞ்சள் பூத்து, வாரம் முடிவதற்குள் போய்விட்டன. ஏதோ தோஷம் என்றார்கள் உறவினர்கள். தான் எப்போதோ செய்த பாவம் என்றே அவள் நம்பினாள்.

படிப்பு தொடங்கிய மூன்றாவது வாரம் அனந்தா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இன்னிக்கு முப்பது சளி டப்பா, மன்னி. வாடை தாங்கலை. நாளைலேர்ந்து நான் போகலை."

இதற்காகவே காத்திருந்த ராஜலக்ஷ்மியின் வாயில் வந்தது வேறு. "கட்டின பணத்தைத் திருப்பித் தருவாளா?"

"தரமாட்டா."

"அப்போ போய்த்தான் ஆகணும். வாடையாம், வாடை! குழந்தை பெத்தவா பாக்காத அசிங்கமா? உக்காரு, மோர் சாதமாவது சாப்பிடு."

அனந்தா உட்கார்ந்தாள். மறுநாள் போகவும் போனாள்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில், ரத்த வகை பார்த்துப் பழகுவதற்கென்று வீட்டில் எல்லோர் விரலிலும் ஊசியால் குத்தி, ஆளுக்கொரு குப்பியில் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் போனாள். மறுநாள் சாயங்காலம் மூச்சிரைக்க உள்ளே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மன்னி, குழந்தைகளுக்கு மஞ்சள் கண்டது எத்தனையாவது நாள்?"

"மறுநாளே. ஏண்டி அதை இப்போ கேக்கறே?"

"உங்க ரத்தம் ஆர்.ஹெச். நெகடிவ். அண்ணாவோடது பாசிடிவ். குழந்தைக்கு அண்ணாவோட வகை வந்தா, உங்க உடம்பு அதை வேத்தாள்னு நெனச்சு எதிர்க்கும். மொதல் குழந்தை தப்பிச்சுடும். ஆபத்தெல்லாம் அப்புறம் பொறக்கறதுக்குத்தான்."

ராஜலக்ஷ்மி அவள் கையைப் பற்றினாள். "அப்போ, நான் பண்ணின பாவம் இல்லையா?"

"பாவமாவது மன்னி! ரத்த வகை, அவ்வளவுதான்."

குழந்தைகளைப் பறிகொடுத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. அழுது ஓய்ந்த பிறகு, பயத்தில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். அவளுக்கு அது மூன்றாம் மாதம்.

அனந்தா அவளைத் தன் ஆஸ்பத்திரி லேடி டாக்டரிடம் அழைத்துப் போனாள். பிறந்த உடனே குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினால் பிழைக்க வழியுண்டு என்றார் டாக்டர். ஆனால் அதற்கு வேண்டிய நெகடிவ் ரத்தம் லேசில் கிடைக்காது. அனந்தா லேப் நோட்டுகளை எல்லாம் புரட்டி, அந்த வகை ரத்தமுள்ள ஒருவர் பெயரைக் கண்டுபிடித்தாள். ரெமிஜியஸ், பிரேசர் டவுனில் அச்சகத்தில் கம்பாசிட்டர். வீடு தேடிப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"என்னைக்குன்னு மட்டும் சொல்லி அனுப்புங்கம்மா. லீவு போட்டுட்டு வந்துர்றேன்" என்றார் அவர்.

பிப்ரவரியில் பெண் பிறந்தது. மத்தியானத்துக்குள் கண்ணில் மஞ்சள் தட்டியது. சொன்னபடி ரெமிஜியஸ் வந்து கையை நீட்டினார். அவர் ரத்தம் குழந்தைக்குச் சேருமா என்று சோதித்தவள் அனந்தாதான். அவளுடைய மேலதிகாரி ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்தார். குழந்தைக்கு ரத்தத்தை மாற்றி ஏற்றி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஐந்தாம் நாள் குழந்தை நிறம் தெளிந்து, பசிக்கு வீறிட்டு அழுதது.

குழந்தையின் ஆண்டு நிறைவுக்கு முதல் அழைப்பு ரெமிஜியஸ் குடும்பத்துக்குப் போயிற்று. அவர் காலில் விழப் போன ராஜலக்ஷ்மியைத் தடுத்து, "ஐயோ, என்னம்மா இது!" என்று அவர் கூச்சத்தோடு நகர்ந்துகொண்டார்.

அனந்தா அப்போது அதே லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். என்ன வேலை என்று கேட்டதுமே இரண்டு வரன்கள் நழுவியிருந்தன. பந்தி முடிந்ததும் பக்கத்து வீட்டு லட்சுமம்மா ராஜலக்ஷ்மியைத் தனியே அழைத்து, தன் பெண்ணும் அந்தப் படிப்பைக் கேட்கிறாள், சேர்க்கலாமா என்று கன்னடத்தில் விசாரித்தாள்.

ராஜலக்ஷ்மி எதையும் மறைக்கவில்லை. செலவானது, நாற்றம், நழுவிய வரன்கள், எல்லாவற்றையும் சொன்னாள். லட்சுமம்மாவின் முகம் வாடியது.

"இவ்வளவு கஷ்டம் இருக்கா? அப்போ என்ன பண்ணச் சொல்றீங்க?"

கூடத்தில் அனந்தாவின் மடியில் குழந்தை அவள் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது. ராஜலக்ஷ்மி அந்தப் பக்கம் பார்த்தபடியே, "சேரிஸிபிடி, லட்சுமம்மா. நாளைக்கே சேத்துடுங்கோ" என்றாள்.