நலமானவர் - 1

1
இந்தக் கதை என் தங்கையின் குறிப்பேட்டில் இருந்தது. அவள் இறந்த ஐந்தாம் மாதம், ஆய்வகத்திலிருந்து வந்த அட்டைப்பெட்டியில் கிடைத்தது. ‘நலமானவர் - 1: கோடு தெரிகிறது. மறுபடியும். மறுபடியும். கலப்படம். தூக்கிப்போட்டாச்சு.’

2
(நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘அவள் மென்மையானவள், ஒரு...’ பொய். சண்டைக்காரி.)

சூலகப் புற்றுக்கு ரத்தத்தில் அடையாளம் தேடுவது அவள் வேலை. கட்டி வளராமல் காக்கும் மரபணுக்கள் நமக்குள் உண்டு. அவற்றில் ஓர் எழுத்துகூட மாறாமலே, மேலே ஒரு வேதிக்குறி ஒட்டி அவற்றை ஊமையாக்கிவிடும். குறி இருந்தால் சோதனையில் கோடு விழும். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும்; அந்தக் குழாயில் ‘நலமானவர்’ என்று எழுதுவார்கள்.*

* வெளியே ஆள் தேடமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டுவார்.

3
அவளோடு வேலைபார்த்தவனைக் கேட்டேன். ஊசியைக் கண்டாலே வியர்ப்பவன். அதனால் அவள் வைத்த பெயர் ‘வீரன்’.

“அது யார் ரத்தம்?”

“அவளோடதுதான் அக்கா. ‘வீரா, நீ மயங்கி விழுந்தா யாருடா தூக்குறது? என் கையிலயே எடுக்கச் சொல்லு’ன்னா.”

“கோடு வந்துச்சே?”

“மூணு தடவை. வேற ஒருத்தங்க ரத்தத்தை வெச்சோம், வரல. மாதிரி கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டோம். ஆளைப் பத்தி ரெண்டு பேருக்குமே தோணல.”

இரண்டு வருடம் கழித்து அவள் வயிறு வீங்கியது. அதே புற்று.

4
(இங்கே அவனைக் குற்றவாளியாக்கி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். ‘கலப்படம்’ அவள் கையெழுத்து.)

கதைக்கு ஒரு முடிவு: கோட்டை அவள் நம்பினாள், இப்போது எதிரே உட்கார்ந்து என் எழுத்தைக் கேலி செய்கிறாள்.

இன்னொன்று: அது நிஜமாகவே கலப்படம். வீரனும் சொல்கிறான்: “இது இன்னும் ஆராய்ச்சிதான் அக்கா. கோடு வந்தா நோய்னு அர்த்தமில்ல. வரலைன்னா இல்லைன்னும் சொல்ல முடியாது.”

இரண்டையும் என்னால் எழுதி முடிக்க

5
நேற்று ஆய்வகத்துக்குப் போனேன். என் ரத்தத்துக்காக வீரன் ஒரு குழாயை எடுத்தான். பழக்கதோஷம், ‘நலமானவர்’ என்று எழுதினான்.

“அதை அடிடா.”

“வேற என்ன எழுத?”

“தெரியாதுன்னு எழுது.”

எழுதினான். தாதி என் கையில் ஊசியைக் குத்தியபோது வியர்த்தது அவனுக்குத்தான்.

கோடு விழுந்ததா என்பதை இங்கே எழுதமாட்டேன். அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். விழுந்திருந்தால், கலப்படம் என்று இந்த முறை யாரையும் எழுத விடமாட்டேன்.