தேறிவிடுவாள் என்று விடப்பட்டவள்

எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறைச் சுவரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. மாநில வாசிப்புத் தேர்வில் தேறிவிடுவார் என்றால் பச்சை. தேறவே மாட்டார் என்றால் சிவப்பு. இழுத்துப் பிடித்தால் தேறலாம் என்றால் மஞ்சள். தேறாத பிள்ளை இன்னொரு வருடம் மூன்றாம் வகுப்பிலேயே உட்கார வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்குத் தலையெழுத்து எழுத எங்கள் அமெரிக்காவில் ஒரு பென்சில் போதும்.

என் வகுப்பில் இரட்டைச் சகோதரிகள் இருந்தார்கள். டெல்லா பச்சை. பால் டப்பாவில் அச்சடித்ததைக்கூட வாசிக்காமல் விடமாட்டாள். மார்னி மஞ்சள். ஒவ்வொரு வரியோடும் மல்லுக்கட்டுவாள்.

"ரூத், மஞ்சளை மட்டும் பிடிங்க. பச்சை தானா ஓடிடும்" என்றார் முதல்வர் புரூடர். பந்தயக் குதிரைகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி! அவரைத் திட்டி என்ன பயன்? மதிப்பெண் குறைந்தால் அவருடைய நாற்காலியும் ஆடும். குளிர்காலம் முழுக்க, பாட்டு வகுப்பு நேரத்தில் மார்னியைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தேன். டெல்லாவிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மறந்துபோனோம்.

ஒரு நாள் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"மிஸஸ் ஓல்சன், மார்னி பெயிலானா இங்கயே இருப்பாளா?"

"அதெல்லாம் பாஸாயிடுவா, கண்ணு."

"வீட்ல எல்லாரும் பெயிலாயிடுவான்னுதான் சொல்றாங்க. நாலாவது வேற கட்டடம், பஸ்ஸும் வேற. பஸ்ல அவள மக்குன்னு கத்துவாங்க. நான் இல்லன்னா யாரு திருப்பிக் குடுப்பா?"

"நீ உன் படிப்பப் பாரு" என்றேன்.

தேர்வுக்கு முந்தின நாள் சுவரில் இருந்த படங்களையெல்லாம் பழுப்புத் தாளால் மூடினோம். பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்க்கக் கூடாது என்பதும் விதி. டெல்லாதான் முதலில் முடித்தாள். பென்சிலை வைத்துவிட்டு, இன்னும் குனிந்திருந்த மார்னியைப் பார்த்துச் சிரித்தாள். கெட்டிக்காரி என்று நானும் சிரித்தேன்.

மே மாதம் முடிவு வந்தது. மார்னி தேறிவிட்டாள். ஆசிரியர் அறையே கைதட்டியது. டெல்லா தேறவில்லை.

"வேணும்னே தப்பாப் போட்டிருக்கா! கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்க" என்று முதல்வரிடம் சண்டைக்கே போனேன்.

"நான் கேட்டு என்ன ஆகப்போகுது, ரூத்? மாநிலத்துக்கு மார்க்குதான் கணக்கு. போட்டது போட்டதுதான்."

இருவரையும் உட்காரவைத்து நான்தான் சொன்னேன். 

டெல்லா தன்னைப் பற்றிக் கேட்கவே இல்லை. தங்கையின் பக்கம் திரும்பினாள். "நீ எப்படிடி பாஸான? நீ பெயிலாயிடுவேன்னு எல்லாரும் சொன்னாங்களே!"

மார்னியின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு அணைந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸஸ் ஓல்சன், எனக்கு இன்னொரு தடவை டெஸ்ட் வைங்க. இப்ப எனக்கு வாசிக்கத் தெரியும். எது தப்புன்னு பாத்து, அதையே போட்டுடறேன்."