ஷட்டரைத் திறக்கிற ஆள்

கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையைத் திருப்பிப் பார்த்ததும் தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொட்டை எழுத்தில் ‘மேல் ஊர்’ என்று போட்டிருந்தது. எந்த ஊரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இத்தனை வருஷம் மெஷினை மிதித்தாளோ, அந்த ஊரையே கொண்டுவந்து அவள் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஒரே ஆற்றங்கரையில் அடுத்தடுத்து இருக்கிற ஐந்து ஊர்களின் ஊராட்சி மன்றத்துக்காரர்களை ஒரு கூரைக்கடியில் உட்காரவைத்து, ஆற்றை என்ன செய்வதென்று பேசவைக்கிற பட்டறை அது. வட்டார அலுவலகத்தின் மாடிக்கூடத்தில் நடந்தது. மின்விசிறிகள் சுற்றினவே தவிர காற்று வரவில்லை. நடுவில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு பெரிய தகரத் தட்டு. தட்டுக்குள் களிமண்ணால் மேடு, பள்ளம், ஆறு எல்லாம் செய்து வைத்திருந்தார்கள். ஒரு முனையில் குழாய் வைத்த தண்ணீர் கேன். குழாயைத் திறந்தால் நிஜமாகவே தண்ணீர் மேல் ஊரில் புறப்பட்டுக் கீழ் ஊருக்கு ஓடிவந்தது. நடுவில், மேல் ஊர் மதகின் ஷட்டர் இருக்கும் இடத்தில் ஒரு துண்டுத் தகரம் செருகியிருந்தார்கள். காலையில் வந்ததிலிருந்து தையல்காரி அந்தத் தகரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஷட்டர்தான் அவள் பிரச்சினை. மழைக்காலத்தில் மேல் ஊர்க்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் அதைத் திறந்துவிடுவார்கள். அடுத்து கொஞ்ச நேரத்தில் கீழ் ஊரில் அவள் தெருவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கடையில் மெஷின் மோட்டார் போய்விடும். தைக்கக் கொடுத்த துணியெல்லாம் சேறாகிவிடும். போன தடவை மாமியாரைத் தூக்கி வெட்டு மேசை மேல் உட்காரவைத்தார்கள். அந்த அம்மாள் அங்கே உட்கார்ந்தபடி, எதை முதலில் தூக்கவேண்டும், எதை அப்புறம் தூக்கவேண்டும் என்று எல்லாரையும் அதட்டி வேலை வாங்கினார். இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது.

தெருக்காரர்கள்தான் அவளை மன்றத் தேர்தலில் நிற்கவைத்தார்கள். அளவெடுக்கும்போதே ஊர்க்கதை முழுக்கக் கேட்டு வைத்திருக்கிறவள், இவளைவிட யாருக்குத் தெரியும் என்றார்கள். ஜெயித்ததும் அவள் செய்த முதல் வேலை, மேல் ஊருக்கு மனு எழுதியது. இரண்டாவது வேலையும் அதுதான். பதில் என்று ஒரு வரி வரவில்லை. அவள் கேட்டது அணை அல்ல, சுவர் அல்ல. திறப்பதற்கு முன்னால் ஒரு போன். அவ்வளவுதான். இன்று கிளம்பும்போது வீட்டுக்காரர் வாசலில் நின்று, “வார்த்தை வாங்கிட்டு வா. டீயும் பிஸ்கட்டும் சாப்டுட்டு வந்துடாத” என்றார். மழை இன்னும் சில வாரத்தில் பிடித்துக்கொள்ளும். இந்த வருஷம் வெறுங்கையோடு போய்த் தெருவில் நின்றால் யார் முகத்திலும் விழிக்கமுடியாது.

பட்டறையை நடத்திய அமைப்பாளர் அம்மா குட்டையாக, சுறுசுறுப்பாக இருந்தார். கையில் எப்போதும் ஒரு ஸ்கேல். “காலைல எல்லாரும் அவங்கவங்க ஊருக்காகப் பேசிட்டீங்க. யாரும் யாரையும் கேட்கல. இனிமே உங்க ஊர் உங்களுது இல்ல. கார்டை மாத்திக்கங்க” என்றார். அப்படித்தான் மேல் ஊர் அவள் கழுத்துக்கு வந்தது. அவளுடைய கீழ் ஊர் யார் கழுத்துக்குப் போயிற்று என்று எட்டிப் பார்த்தாள். மேல் ஊர் இன்ஜினியர் கழுத்துக்கு.

ஆக, இவர்தானா அவர்! அவள் தெருவில் அவருக்கு ‘ஷட்டர் சார்’ என்று பெயர். அவள் மனசில் பெரிய மீசை, தொந்தி, சக்கரத்தைத் திருப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிற ஒரு உருவம் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரோ ஒல்லி. இரட்டைக் கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து, வெறும் பாதியை முதலில் சாப்பிடுகிற ஆள். இவரா? அவளுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. ஒரு தெருவையே முக்கிவிட்டு இந்த மனுஷனால் எப்படி ராத்திரி தூங்கமுடிகிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

“எது போனா உங்களால தாங்க முடியாதோ, அந்த இடத்துல உங்க கையில இருக்கற ஏதாவது ஒண்ண வைங்க. இது மட்டும் உங்க நிஜ ஊருக்கு” என்றார் அமைப்பாளர். தையல்காரி பையில் துழாவி கோட்டுக்குத் தைக்கிற சிவப்புப் பொத்தான் ஒன்றை எடுத்துத் தன் கடை இருக்கும் வளைவில் வைத்தாள். இன்ஜினியர் சட்டைப் பையைத் தடவி, கால்சட்டைப் பையைத் தடவி, கடைசியில் வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றித் தகரத் துண்டின் பக்கத்தில் வைத்தார்.

விளையாட்டு தொடங்கியது. கீழ் ஊராகிய இன்ஜினியர் முதலில் பேசவேண்டும். முன்வரிசையில் மேல் ஊர்த் தலைவர் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தார். காலையில் தொடங்கிவைக்க வந்தவர், சாப்பாட்டுக்காகத் தங்கிவிட்டார். இன்ஜினியர் எழுந்தார். ஒப்புக்கு நாலு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

“எங்க வீட்ல வயசானவங்களத் தூக்கி மேசை மேல உட்கார வெச்சோம்” என்று அவர் ஆரம்பித்தார். “நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா அவங்க தானாவே நடந்து போயிருப்பாங்க. எங்களுக்குக் காசு வேணாம். எங்கள நீங்க மனுஷங்களா நினைக்கறீங்கன்னு தெரிஞ்சா போதும்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய வாக்கியம். இரண்டாவது மனுவில் எழுதி, கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ என்று அடித்து, மறுபடி எழுதியது. அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை. மோட்டார் போன கதை, சேறான கல்யாணப் புடவை ரவிக்கைகள், எல்லாம் வரிசையாக வந்தது. அவள்கூட அவ்வளவு நன்றாகப் பேசியிருக்கமாட்டாள். கூடத்தில் இரண்டொருவர் கைதட்டினார்கள். அமைப்பாளர், “பிரமாதம். மேல் ஊர் பதில் சாப்பாட்டுக்கு அப்புறம்” என்று ஸ்கேலைத் தட்டினார்.

படித்திருக்கிறார். மனப்பாடமாகவே படித்திருக்கிறார். பிறகு ஏன் ஒரு வரி பதில் போடவில்லை? சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், ஜன்னலோரம் தனியாக நின்றிருந்தவரின் பக்கத்தில் நின்றாள்.

“சார், மதியம் நான்தான் மேல் ஊர். பதில் சொல்லணும். எனக்கு ஒண்ணுமே தெரியாது. கொஞ்சம் சொல்லிக் கொடுங்க.”

“கேளுங்கம்மா.”

“ஷட்டர எப்போ திறக்கணும்னு நான் எப்படி முடிவு பண்றேன்?”

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“சரி, அத விடுங்க. சக்கரத்த யாரு திருப்பறது? நானேவா, ஆள் வெச்சிருக்கேனா?”

“யாரும் திருப்பறதில்ல” என்றார்.

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் முன்வரிசையில் இருந்த தலைவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினார். “சக்கரம் துரு ஏறி இறுகிப் போச்சு. பலகையில ஒரு பக்கத்துச் சட்டமே இல்ல, அரிச்சுப் போச்சு. தண்ணி ஏறினா அதுவா விலகிக்கும். இறங்கினா அதுவா வந்து உட்கார்ந்துக்கும். எப்போன்னு எனக்கே தெரியாதும்மா. உங்களுக்குத் தண்ணி வந்தப்புறம்தான் எனக்கே தெரியும்.”

“போன வருஷம் புதுப்பிச்சதா கல்வெட்டு வெச்சீங்களே!”

“பெயின்ட் அடிச்சோம்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. திறக்காத ஒருவனைத் திறந்தாய் திறந்தாய் என்று இத்தனை வருஷம் திட்டியிருக்கிறோம். இவர்களும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கையாலாகாதவன் என்று பெயர் வாங்குவதைவிடக் கொடுமைக்காரன் என்ற பெயர் மேல் என்று ஒரு ஊரே முடிவு செய்துவிட்டது. அடப்பாவிகளா! இதற்கு எந்தச் சாமர்த்தியத்தில் பதில் எழுதுவது? ‘இனிமேல் சொல்லிவிட்டுத் திறக்கிறோம்’ என்று எழுதினால் பொய். ‘நாங்கள் திறப்பதில்லை’ என்று எழுதினால் கல்வெட்டு என்ன ஆகும், வேலை என்ன ஆகும்?

“அப்போ அந்தச் சாவி?”

“ஷட்டர் ரூம் சாவி. தினமும் காலைல போய்த் திறப்பேன். சக்கரத்தத் தொட்டு ஒரு தடவ அசைச்சுப் பார்ப்பேன். பூட்டிட்டு வருவேன்.” சாதத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு, “இத என் வாயால வெளிய சொல்ல முடியாதும்மா” என்றார்.

எதற்காக இவளிடம் சொன்னார்? இவள் சொல்லிவிடமாட்டாள் என்ற தைரியத்திலா, இல்லை, சொல்லிவிடட்டும் என்றா? கை கழுவும்போது அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அவள் வாங்கிப்போக வந்த வார்த்தையைக் கொடுக்க இந்த உலகத்தில் யாருமே இல்லை. சொன்னால் ஷட்டரைச் சரி செய்யும் பேச்சாவது கிளம்பும். சொன்னால் இந்த ஒல்லி மனுஷனின் பிழைப்பு போனாலும் போகும். சொல்லாவிட்டால் மழை வரும், மாமியார் மேசையில் ஏறவேண்டும்.

மதியம் கூடியதும் அமைப்பாளர் கேனின் குழாயைத் திறந்துவிட்டார். களிமண் ஆற்றில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. “கீழ் ஊர், கேள்வியை இன்னொரு தடவ கேளுங்க.”

இன்ஜினியர் எழுந்தார். “ஷட்டரத் திறக்கறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?”

தையல்காரி எழுந்து நின்றாள். கழுத்து அட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“சொல்ல முடியாதுங்க. ஏன்னா திறக்கறது நாங்க இல்ல. அது கெட்டுப் போயிருக்கு. அதுவாத்தான் திறந்துக்குது. சக்கரத்த யாராலயும் அசைக்க முடியாது.”

சாப்பிட்டும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்த தலைவரின் கட்டைவிரல் போன் மேல் அப்படியே நின்றது. அமைப்பாளர் அரைகுறையாகச் சிரித்தார். “இது விளையாட்டுக்குச் சொல்றீங்களா, நிஜமாவா?”

“இந்தக் கார்டு கழுத்துல இருக்கற வரைக்கும் நிஜம்.”

தலைவர் நீட்டிய காலை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார். “யாரும்மா உங்களுக்கு இப்படிச் சொன்னது?” கேட்டது அவளிடம். பார்த்தது இன்ஜினியரை.

அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. “யார் சொல்லணும்? நான்தானே மேல் ஊரு. என் ஷட்டர் எனக்குத் தெரியாதா?”

யாரோ சிரித்துவிட்டார்கள். இன்னும் இரண்டு ஊர்க்காரர்கள் சேர்ந்து சிரித்தார்கள். “கவலைப்படாதம்மா, எங்க ஷட்டரும் அப்படித்தான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளையாட்டென்று சொன்னால் எழுந்து கத்தமுடியாது. நிஜமென்று சொன்னால் உட்கார்ந்திருக்க முடியாது. அமைப்பாளர் சிரிக்கவில்லை. ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டு, “நாளைக்குக் காலைல அஞ்சு ஊரு ஷட்டரையும் நேர்ல போய்ப் பார்த்துடலாம்” என்று மெதுவாகச் சொன்னார்.

அத்தோடு முடிந்திருக்கும். இன்ஜினியர் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். அவர் உட்காரவில்லை. ‘கீழ் ஊர்’ அட்டை சட்டைப் பையின் மேல் ஆடிக்கொண்டிருக்க, அவளையே பார்த்து நின்றார்.

“அப்போ இத்தன வருஷமா அத எங்ககிட்ட ஏன் சொல்லல?”

கீழ் ஊர் கேட்கவேண்டிய கேள்விதான். அவள் தெரு முழுக்கச் சேர்ந்து கேட்டாலும் இப்படித்தான் கேட்டிருக்கும். ஆனால் அவர் குரல் பாதியில் உடைந்துபோயிற்று. பதில் அவரிடம்தான் இருந்தது. சொல்லவேண்டியவளோ இவள். தையல்காரி யோசித்துப் பார்த்தாள். விடிந்ததும் அறையைத் திறந்து, அசையாத சக்கரத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுப் பூட்டுகிற கையை யோசித்தாள்.

“வெட்கமா இருந்துச்சு” என்றாள்.

தண்ணீர்க் குழாயை மூட எல்லாருமே மறந்துவிட்டார்கள். மேல் ஊரில் தேங்கிய தண்ணீர் தகரத் துண்டை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பீறிட்டு, களிமண் கரையைக் கரைத்து, வளைவுக்குள் புகுந்தது. சிவப்புப் பொத்தான் ஒரு சுற்றுச் சுற்றி நகர ஆரம்பித்தது. அமைப்பாளர் குழாய்ப் பக்கம் ஓடினார். இன்ஜினியர் மேசை மேல் குனிந்தார். பக்கத்திலேயே மூழ்கிக்கிடந்த தன் சாவியை விட்டுவிட்டு, தட்டின் விளிம்புக்குப் போய்விட்ட பொத்தானைத் தேடிப் பிடித்து எடுத்தார். கைக்குட்டையால் அதன் துளைகளில் இருந்த சேற்றைத் துடைத்தார். துடைத்த பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், உள்ளங்கையில் ஏந்தியபடி அப்படியே நின்றார்.