எழுபதுக்கு ஏறிய திரை

என் வீட்டுக்காரருக்குக் குழாய் வேலை. தண்ணீர் ஒழுங்காக வராத வீட்டுக்குப் போய் அழுத்தத்தைக் கூட்டிவிட்டு வருவதுதான் பிழைப்பு. அந்தக் கையோடு என் கம்ப்யூட்டர் திரையைத் தொட்டதுதான் வினை.

எனக்கு ஆன்லைனில் கார் ரேஸ் ஓட்டுகிற பைத்தியம் உண்டு. நாற்பதைத் தாண்டியவளுக்கு இது தேவையா என்று நாத்தனார் கேட்டாகிவிட்டது. அன்று சாயங்காலம் ஒரு ஆன்லைன் ரேஸ் அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வு. போன தேர்வில் வளைவுக்கு வளைவு கோட்டைவிட்டிருந்தேன். கண் மங்கிப்போச்சு, இதுவும் போனால் விளையாட்டுக்கென்று வாங்கி மேஜையில் மாட்டிய ஸ்டியரிங்கை விற்றுவிடுவேன் என்று இவரிடம் சொல்லியிருந்தேன்.

மனுஷன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் குளித்துவிட்டு வருவதற்குள், என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று, விநாடிக்கு அறுபது தடவை படம் மாற்றுகிற திரையை எழுபத்தைந்துக்கு ஏற்றியிருக்கிறார். திரை கறுத்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் கொஞ்ச நேரத்தில் அதுவே பழையபடி திரும்பியிருக்கும். இவரோ, குழாய் வெடித்தால் கண்ணில் படுகிற வால்வையெல்லாம் திருகுகிற ஆள். கீபோர்டில் கண்டதையும் தட்டியதில், கறுத்த திரையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த 'இப்படியே இருக்கட்டுமா' என்ற கேள்விக்கும் சம்மதம் கொடுத்துவிட்டார்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கூடத்து டிவியைத் தூக்கிவந்து, திரையில் இருந்த கேபிளைக் கழற்றி அதில் மாட்டினார். டிவியில் படம் வந்தது. அதைப் பார்த்து வேகத்தை அறுபதுக்கு இறக்கிவிட்டு, மறுபடி திரையை மாட்டினோம். உயிர் வந்தது. அத்தோடு விடுவாரா? ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தார். எழுபதில் திரை கறுக்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை. மீசையைத் தடவிக்கொண்டே ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

முதல் வளைவிலேயே எனக்கு உறுத்தியது. நடுநடுவே எதையோ விழுங்குகிறது என்றேன். அவர் திரையில் மூக்கு இடிக்கப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் கோளாறு என் கண்ணில்தான் என்று ஸ்டியரிங்கைக் கழற்றப் போனேன்.

என் கையைப் பிடித்து நிறுத்தினார். கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து ஓடுகிற சோதனைப் பக்கம் ஒன்றைத் திறந்து, போன் கேமராவைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்து அந்த ஓட்டம் முழுவதையும் ஒரே படமாகப் பிடித்தார். ஒளிர்ந்த கட்டங்கள் விடாமல் அடுத்தடுத்து விழ வேண்டும். அங்கங்கே பல் போன வாய் மாதிரி இடைவெளி. எழுபது என்று பெருமை அடித்துக்கொண்டு, திரை சில படங்களைக் காட்டாமலே தாவியிருக்கிறது.

போனை என்னிடம் நீட்டினார்.

"எனக்குத் தெரியல, உனக்குத் தெரிஞ்சிருக்கு பாரு. உன் கண்ணுக்கு ஒண்ணும் ஆகலடி. போன தடவ நீ பிரேக்க லேட்டா பிடிச்ச, அவ்வளவுதான்."

எரிச்சலாகத்தான் இருந்தது. அதைவிட அந்த ஆள்மேல் ஆசையாக இருந்தது. திரையை அறுபதுக்கே இறக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அணியில் எடுப்பார்களோ மாட்டார்களோ, ஸ்டியரிங்கை விற்பதாக இல்லை. பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே பிடித்துப் பழக வேண்டும்.