மடை மூடிய பின்

ஈஸ்வரமூர்த்தி மடைச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாய்க்கால் மேட்டுக்கு வந்தபோது, வாய்க்காலின் கடைசியில், கடைமடையில், நிலம் உள்ள நாச்சம்மாள் மதகு அறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளை விரலால் தட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏனுங் மாமா, காளிச்சாமிக்கு அடுத்தது என்ற முறை. இதுல என்ற பேரு எங்கீங்க?"

அவர் தாளைப் பார்த்தார். கடைசி வரி காளிச்சாமியுடையது. அதுவும் பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"எனக்காச்சும் பாதிப் பேரு இருக்குது. காளி இருக்குறா, சாமி மலையேறிட்டாரு" என்றான் காளிச்சாமி. நாலு பேர் சிரித்தார்கள்.

ஈஸ்வரமூர்த்தி சிரிக்கவில்லை. அந்தத் தாளுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். பெருமாட்டிப் பக்கத்தில் அந்தக் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை பிரிக்கும்போதெல்லாம் மண்வெட்டியை ஓங்குவது வழக்கம். எழுபத்தெட்டாம் ஆண்டுக் கோடையில் அவர் கூட்டத்தில் எழுந்து நின்றார். தன் மகன் மாரப்பன் கோயமுத்தூர் மில்லில் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறான், அவரவர் நிலத்தின் அளவைக் கொடுத்தால் அது யார் முகமும் பார்க்காமல் முறை பிரித்துத் தாளில் அடித்துத் தரும் என்றார். "தாள்ல பேரு இல்லாத ஆளுக்கு நான் மடை திறக்க மாட்டேன். அது நானே ஆனாலுஞ் சரி." மூன்று தலைமுறையாக மடைச்சாவி அவர் வீட்டில் இருந்ததால் ஊர் அதை ஏற்றுக்கொண்டது. அப்படி வந்த முதல் தாள் இது.

நேற்றுப் பொழுது சாய காளிச்சாமியின் முறை முடிந்தது. அத்துடன் தாளும் முடிந்தது; அதில் ஆள் விட்டுப்போயிருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அதனால் அவர் மறுபடி தாளின் தலையிலிருந்து தொடங்கினார். தலையில் இருந்தது அவருடைய பெயர்.

"அப்பன் கையில மடை, மகன் கையில மிசினு" என்றான் கூட்டத்தில் நின்ற நல்லதம்பி. "கடைமடைக்காரி தண்ணி எங்க போச்சுன்னு தேடோணுமா? அவுங்க தென்னந்தோப்பப் பாருங்க, எப்படிப் பச்சப்பசேல்னு இருக்குது!"

"நல்லதம்பி, நாக்க அடக்கிப் பேசு!"

"அவன் என்னத்துக்கு அடக்கோணுமுங்?" என்றாள் நாச்சம்மாள். "என்ற கடலக்காச் செடி தலையத் தொங்கப் போட்டுருச்சு. இன்னொரு தண்ணி இல்லீன்னா வெறும் கொடியத்தான் புடுங்கோணும். எழுதப் படிக்கத் தெரியாதவதானேன்னு உட்டுட்டீங்களா?"

ஈஸ்வரமூர்த்திக்குக் காது மடல் சுட்டது. தோப்புக்குத் திருப்பியிருந்த தண்ணீரை அப்போதே நிறுத்தினார். சுவரிலிருந்த தாளை உரித்து மடித்துக்கொண்டு, வேட்டியை மாற்றக்கூட வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறினார். வேலந்தாவளம் தாண்டி, கோயமுத்தூரில் மகன் வேலை செய்யும் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தார்.

மில்லில் கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே கார்த்திகை மாதத்துக் குளிர். மகனைக் கண்டதும் தாளை அவன் மேசையில் போட்டார்.

"நாச்சம்மா பேர எதுக்குடா எடுத்த?"

மாரப்பன் திகைத்துப்போனான். தாளைப் பார்த்தான். திரும்பித் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினான். சற்று நேரத்தில் அவன் முகம் வெளுத்தது.

"எடுக்கலீங்கப்பா. அது உள்ளயே நின்னுபோச்சு."

"எதுக்குள்ள?"

"இந்தக் கம்ப்யூட்டர் மொழியோட லைப்ரரியில, தாள்ல எழுதறதுக்குன்னு ரொட்டீன் இருக்குதுங்க, முன்னமே எழுதி வெச்ச கட்டளைக. ஒவ்வொரு எழுத்தா அனுப்புனா நேரம் புடிக்குமுன்னு, உள்ள ஒரு தொட்டியில சேத்து வைக்கும். பஃபர்ம்பாங்க. தொட்டி நெறைஞ்சா மொத்தமா வெளிய தள்ளும். கடைசியில அரைத் தொட்டி மிச்சமிருந்தா, அதையும் தள்ளிட்டு மூடுன்னு நாம ஒரு வரி எழுதோணும். நா எழுதல."

"ஏன் எழுதல?"

"வேல முடிஞ்சா தானா வடிஞ்சிருமுன்னு நெனச்சுட்டனுங்க. நம்ம வாய்க்கால்ல மடைய மூடினாலும் நிக்கற தண்ணி கடைமடைக்குத்தானுங்களே போகுது."

"இரும்புக்கு நம்மூரு வழக்கம் எப்படீடா தெரியும்?"

மாரப்பன் குரலைத் தாழ்த்தினான். "புதுத் தாள் அடிச்சுத் தர்றனுங்க. மிசின் கோளாறுன்னு சொல்லிருங்க. யாரு இதயெல்லாம் கேக்கப் போறாங்க?"

அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் முழுவதும் அப்போதுதான் வெளியே வந்தது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "வாயில்லாத இரும்பு மேலயா பழி போடற? தப்புப் பண்ணுன, அது மனுசன் பண்றதுதான். பொய் சொன்னா நீ என்ற ஊட்டுல பொறந்தவனில்ல. ஏந்திரி. வந்து அவ முன்னால சொல்லு."

பொழுது இறங்கும் வேளையில் இருவரும் மேட்டுக்கு வந்தார்கள். ஊரும் கூடியிருந்தது. மில் பேண்ட்டோடு நின்ற மாரப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "தப்பு என்றதுங்க அக்கா. கடைசியில ஒரு வரி எழுதாம உட்டுட்டேன். மிசின் மேல ஒரு குத்தமுமில்ல. அப்பாவுக்கு எதுவுந் தெரியாது."

"சொன்னாப் போதுமா? செடி எந்திரிச்சுக்குமா?" என்றாள் நாச்சம்மாள்.

"என்ற முறை பாதி மிச்சமிருக்குது அம்முணி, எடுத்துக்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"உங்க முறை எனக்கெதுக்குங்க? அவரு போட்ட பிச்சையில வெளைஞ்ச கடலக்கான்னு நாளைக்கு நல்லதம்பி பேசறதுக்கா? என்ற தண்ணியக் குடுங்க."

நல்லதம்பி வேறு பக்கம் பார்த்தான். "தாள்ல பேரு இல்லாத ஆளுக்கு மடை திறக்க மாட்டேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?" என்று மட்டும் முணுமுணுத்தான்.

ஈஸ்வரமூர்த்தி அவனை உறுத்துப் பார்த்தார். பிறகு சாவியைப் போட்டு மடையைத் தூக்கினார். தன் தோப்புக்குள் போகும் வாய் அடைத்தபடியே இருந்தது. மற்ற வாய்களையும் மாரப்பனை விட்டு மண் போட்டு அடைக்க வைத்தார். வாய்க்கால் கரை தளும்ப நிறைந்தது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நிறைந்ததும் சக்கரத்தைச் சுழற்றி மடையை இறக்கினார்.

"இது என்ற முறை. என்ற முறையில நா தண்ணி உட்டேன், மூடிட்டேன். மடை மூடுன பொறவு வாய்க்கால்ல நிக்கற தண்ணி யாருது?"

பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அது கடைமடைக்கு உரியது. அவர் பாட்டன் காலத்துக்கும் முந்திய வழக்கம்.

"தாள்ல இல்லாத ஆளுக்கு மடை திறக்க மாட்டேன்னேன். திறக்கல. மூடியிருக்கறேன்."

நாச்சம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "ரோசத்துல எனக்கு மேலதானுங் மாமா நீங்க" என்று சொல்லி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் கடலைக்காட்டைப் பார்த்து நடந்தாள்.

"நீ என்னடா நிக்கற? வழியெல்லாங் கோரை மண்டிக் கெடக்குது. பாதியில நின்னுபோகாமப் பாரு, போ!"

மாரப்பன் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு வாய்க்காலில் இறங்கினான். அவன் கோரையை அறுத்துக்கொண்டே போக, தண்ணீர் அவன் பின்னால் போயிற்று. வடிந்ததும் ஈஸ்வரமூர்த்தி மறுபடி திறந்தார், நிறைத்தார், மூடினார். தன் முறை முடியும்வரை அதையே செய்தார்.

"போதுமுங் மாமா!" என்று கீழிருந்து நாச்சம்மாளின் குரல் கேட்டது.

மாரப்பன் தொடைவரை சேற்றோடு மேட்டுக்கு வந்தான். "கடைசிப் பாத்தி வரைக்கும் போயிருச்சுங்கப்பா."

அவர் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியை உருவி இடுப்பில் செருகினார்.

"காத்தால மொத பஸ்ஸுக்குப் போ. போனதும் அந்த ஒரு வரிய எழுது."